வாவிக்கரை நடை: மலைநாட்டு நீர்ப்பூங்காக்களின் அறிவியல்

நுவரெலியா நகருக்குத் தெற்கே, பதுளை வீதியை ஒட்டி நீண்டு கிடக்கிறது கிரகரி வாவி. அதே வீதியில் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் போனால் ஹக்கல தாவரவியல் பூங்கா வரும். இரண்டுக்கும் இடையில் சீதாஎலிய அம்மன் கோயிலும், அதன் காலடியில் கற்களுக்கிடையே சலசலத்து ஓடும் ஆறும் இருக்கின்றன. அட்டன், கொட்டகலை, தலவாக்கலை, இராகலைத் தோட்டங்களிலிருந்து விடுமுறை நாளில் புறப்படும் இளம் தம்பதிகள் இந்த மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு இருட்டுமுன் வீடு திரும்பலாம். காலையில் வாவியைச் சுற்றி ஒரு நடை, பிறகு கோயில், மதியத்துக்கு மேல் பூங்காவின் குளக்கரையில் ஓய்வு. அந்த நடையில் கண்ணுக்குப் படும் மூடுபனி, நீரில் தலைகீழாகத் தெரியும் மலை, கரையோரப் பச்சைப் படலம், பெரணி மரம் ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னால் இயற்பியலும் உயிரியலும் இருக்கின்றன. மனிதர் செய்த காரியங்களும் இருக்கின்றன. இந்த அத்தியாயம் அந்த நடையின் வரிசையிலேயே செல்கிறது.

வாவி இருக்கும் இடம் ஒரு காலத்தில் சதுப்புநிலம். நுவரெலியா, கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் அமைந்த ஊர். வடக்கே இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பீதுருதாலகால 2,524 மீற்றர் வரை எழுந்து நிற்கிறது. அதன் சரிவுகளில் இறங்கும் ஓடைகள் தட்டையான பள்ளத்தாக்குக்கு வந்ததும் வேகம் இழந்து, தேங்கி, நிலத்தைச் சேறாக்கின. 1872 முதல் 1877 வரை ஆளுநராக இருந்த சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873 ஆம் ஆண்டில், அந்த ஓடைநீரை மறித்து அணை கட்டி வாவி உண்டாக்கப்பட்டது. மலைகளுக்கு நடுவே காலங்காலமாக அங்கேயே இருந்ததுபோல் தோன்றும் இந்த நீர்ப்பரப்பின் வயது ஒன்றரை நூற்றாண்டுதான்.

இதில் வியப்பில்லை. இலங்கையின் உள்நாட்டில் காணும் பெரிய நீர்நிலைகள் ஏறக்குறைய எல்லாமே மனிதர் கட்டியவை. நீரை அழகுக்காகத் தேக்கும் கலையும் இந்தத் தீவில் பழையது. கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் சிகிரியாக் குன்றின் அடியில் அமைத்த நீர்த்தோட்டங்கள் ஆசியாவின் மிகப் பழைய நீர்த்தோட்டங்களுள் அடங்கும். அங்கே உயரமான இடத்தில் தேக்கிய நீர் நிலத்தடிக் குழாய்களின் வழியே இறங்கி, துளையிட்ட சுண்ணக்கல் தட்டுகளின் ஊடாக ஊற்றுகளாகப் பீறிடும். இயந்திரம் எதுவும் கிடையாது. மேலே நிற்கும் நீரின் பாரம் கீழே உள்ள நீரை அழுத்துகிறது, அவ்வளவே. ஒவ்வொரு பத்து மீற்றர் உயர வேறுபாடும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும். மழைக்காலத்தில் தேக்கங்கள் நிரம்பும்போது அந்த ஊற்றுகள் இன்றும் இயங்குவதைக் காணலாம். தோட்டங்களில் பீலியில் தண்ணீர் பிடிப்பவர்களுக்கு இந்த இயற்பியல் புதிதல்ல. மலையில் மேலே ஊற்றெடுக்கும் நீர் குழாய் வழியே லயத்துக்கு இறங்குவதும் இதே விதிப்படிதான்.

அட்டன் பக்கத்தில் தேங்கி நிற்கும் நீரின் கதை வேறு. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் முழுதாக நீரில் மூழ்கியது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். தேயிலை மலைகளின் அடியில் அமைதியாகக் கிடக்கும் அந்த நீலப் பரப்பை ரசிக்கும்போது, அதற்காக ஓர் ஊரே இடம் மாறியது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

அதிகாலையில் கிரகரி வாவிக்கு வருபவர்களை முதலில் வரவேற்பது குளிர். காற்று உயரே ஏறும்போது அழுத்தம் குறைந்து விரிகிறது. விரியும் காற்று தன் வெப்பத்தை இழக்கிறது. சராசரியாக ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் வெப்பநிலை 6.5 பாகை செல்சியஸ் குறையும். 1,868 மீற்றர் உயரத்துக்கு இது ஏறத்தாழ 12 பாகை. கொழும்பின் ஆண்டுச் சராசரி 27 பாகையை ஒட்டி இருக்க, நுவரெலியாவின் சராசரி 16 பாகையளவில் நிற்பதன் காரணம் இதுதான். கரையோரக் கடையில் தேநீருக்குக் கொதிக்கும் தண்ணீர்கூட 100 பாகையை எட்டுவதில்லை. இந்த உயரத்தில் நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும்.

அந்தக் குளிரில் வாவியின் மேல் மட்டும் வெண்புகை எழுந்துகொண்டிருக்கும். நீர் தன் வெப்பத்தை எளிதில் விடாது. ஒரு கனமீற்றர் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தத் தேவையான வெப்பம், அதே பருமனுள்ள காற்றுக்குத் தேவையானதைப் போல் மூவாயிரம் மடங்குக்கும் அதிகம். அதனால் இரவு முழுவதும் வானம் தெளிவாக இருந்து நிலமும் காற்றும் வேகமாகக் குளிர்ந்தாலும், வாவி முந்தைய பகலின் வெப்பத்தைத் தாங்கியபடியே விடியலைச் சந்திக்கிறது. அதன் மேற்பரப்பிலிருந்து எழும் நீராவி, மேலே கிடக்கும் குளிர்ந்த காற்றோடு கலந்ததும் நுண்துளிகளாக ஒடுங்குகிறது. சூரியன் ஏறிக் காற்றைச் சூடாக்கியதும் அந்தத் துளிகள் மீண்டும் ஆவியாகி மறைகின்றன. மேகமற்ற தை, மாசி இரவுகளில் இதே குளிர்ச்சி இன்னும் கடுமையாகும். குளிர்ந்த காற்று பாரமானது. அது சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்கும். அப்போது புல்லிலும் தேயிலைக் கொழுந்திலும் துகள் உறைபனி படிகிறது. மேட்டிலுள்ள செடிகள் தப்ப, பள்ளத்திலுள்ள செடிகள் மட்டும் கருகி நிற்பதைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் நன்கு அறிவார்கள்.

பனி விலகியதும் வாவி கண்ணாடியாகிறது. தூரத்து மலையும் சைப்பிரஸ் மரங்களும் நீரில் தெளிவாகத் தலைகீழாகத் தெரியும். ஆனால் கரையில் நிற்பவர் தம் காலடியைக் குனிந்து பார்த்தால் அங்கே மலை இல்லை. அடியிலுள்ள கல்லும் சேறும்தான் தெரியும். ஒரே நீர் ஓரிடத்தில் கண்ணாடியாகவும் இன்னோரிடத்தில் சன்னலாகவும் நடந்துகொள்வதற்கு ஒளி விழும் கோணமே காரணம். நேர் மேலிருந்து நீரில் விழும் ஒளியில் 2 சதவீதம் மட்டுமே தெறித்துத் திரும்புகிறது, மீதி உள்ளே நுழைகிறது. செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்து விழுந்தால் 6 சதவீதம் தெறிக்கும். 80 பாகை சாய்ந்து, ஏறத்தாழ நீர்ப்பரப்பைத் தடவியபடி வரும் ஒளியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் தெறிக்கிறது. தூரத்து மலையிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி இந்தக் கடைசி வகை. காலையில் காற்று அடங்கியிருக்கும்போது பிம்பம் உடையாமல் நிற்கும். பத்து மணிக்குமேல், சூடேறிய சரிவுகளை நோக்கிக் காற்று வீசத் தொடங்கியதும் சிற்றலைகள் எழுந்து ஒவ்வொன்றும் வேறு வேறு திசைக்குச் சாய்ந்த சிறு கண்ணாடியாகிவிடுகின்றன. மலையின் உருவம் கலைந்து வெள்ளி மினுக்கம் மிஞ்சுகிறது. வாவியைப் படம் எடுக்க வருபவர்கள் விடியலில் வர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

இரண்டு பேர் சேர்ந்து நடக்கும்போது நடையும் மாறுகிறது. ஒவ்வொரு மனிதருக்கும் மிகக் குறைந்த ஆற்றல் செலவாகும் ஓர் இயல்பான வேகம் உண்டு. கால் நீளம், உடல் நிறை ஆகியவை அதைத் தீர்மானிக்கின்றன. பொதுவாக ஆணின் இயல்பு வேகம் பெண்ணினதைவிடச் சற்று அதிகம். 2013 இல் அமெரிக்காவின் சியாட்டில் பசிபிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இளைஞர்களைத் தனியாகவும், நண்பர்களுடனும், காதல் துணையுடனும் நடக்கவிட்டு வேகத்தை அளந்தார்கள். துணையுடன் நடந்த ஆண்கள் தம் வேகத்தை ஏறத்தாழ 7 சதவீதம் குறைத்துப் பெண்ணின் வேகத்துக்கு இணங்கினார்கள். பெண்கள் தம் வேகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மெதுவாக நடப்பதில் ஆணுக்கு ஆற்றல் இழப்பு உண்டு; அந்தச் சிறு செலவை உடல் தானாகவே ஏற்றுக்கொள்கிறது. ஆணின் வேகத்துக்குப் பெண் ஓட வேண்டிய கட்டாயம் நேராமல் இருப்பது, கர்ப்ப காலத்தில் உடலைக் காக்கவும் உதவும் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து.

நீரும் மரமும் உள்ள இடத்தில் மனம் இளைப்பாறுகிறது என்பதை எல்லாரும் அனுபவத்தில் அறிவார்கள். அதை அளந்து காட்டிய முன்னோடி ஆய்வு 1984 இல் வெளிவந்தது. ரொஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், பென்சில்வேனியாவிலுள்ள ஒரு வைத்தியசாலையில் பித்தப்பை சத்திரசிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவுகளை ஒப்பிட்டார். பாதிப்பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தன; மீதிப்பேருக்குச் செங்கல் சுவர். மரங்களைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலுவான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ரேச்சல் கப்லானும் ஸ்டீவன் கப்லானும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். வேலையில் ஒன்றையே உற்றுக் கவனிப்பது மூளையைக் களைப்படையச் செய்யும். அலை, மேகம், அசையும் இலை போன்றவை முயற்சியின்றியே கவனத்தை மெல்ல ஈர்ப்பதால், களைத்த பகுதி ஓய்வு பெறுகிறது. நாள் முழுதும் கண்ணும் விரலும் ஓயாமல் கொழுந்து தெரிந்தெடுக்கும் ஒரு பெண்ணுக்கு இந்த ஓய்வு எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பூங்காக்கள் வெறும் சுற்றுலா வருமானத்துக்கானவை என்று கணக்கிடுபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நீருக்குள் என்ன நடக்கிறது? மீன்கள் சுவாசிப்பது நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை. குளிர்ந்த நீரில் ஒட்சிசன் அதிகம் கரையும் என்பது பாடநூல் விதி. கடல் மட்டத்தில் 28 பாகை வெப்பமுள்ள ஒரு லீற்றர் நீர் 7.8 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும்; 16 பாகையில் அது 9.9 மில்லிகிராம். ஆனால் கரையும் அளவு காற்றழுத்தத்தையும் பொறுத்தது. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தின் 80 சதவீதமே. 9.9 இல் 80 சதவீதம் 7.9. ஆக, குளிர் தந்ததை உயரம் பறித்துக்கொள்கிறது. கிரகரி வாவியின் நீரும் கொழும்பின் பேர வாவி நீரும் தாங்கக்கூடிய ஒட்சிசனின் அளவு ஏறக்குறைய ஒன்றே. குளிர்நீர் மீனுக்கு இங்கே கிடைக்கும் உண்மையான அனுகூலம் அதன் தேவை குறைவாக இருப்பதுதான். வெப்பநிலை 10 பாகை குறைந்தால், குளிர்இரத்த உயிரியின் ஒட்சிசன் தேவை ஏறத்தாழ பாதியாகிவிடும்.

ட்ரவுட் மீனைக் குடியேற்றும் எண்ணம் ஆங்கிலேயருக்கு வந்தது இந்தக் குளிரைப் பார்த்துத்தான். நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் 1880களின் தொடக்கத்தில் வாவியில் ட்ரவுட் விடும் முயற்சியைத் தொடங்கினார். முதலில் கொண்டுவந்த பழுப்பு ட்ரவுட் இங்கே நிலைக்கவில்லை. பின்னால் வந்த வானவில் ட்ரவுட் மலை ஓடைகளில் வேரூன்றியது. ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் இன்றும் உண்டு. உயரமான நீர்வீழ்ச்சிகளால் தடுக்கப்பட்ட அந்த ஓடைகளில் அதற்குமுன் பெரிய கொன்றுண்ணி மீன்கள் இருந்ததில்லை. அங்கு மட்டுமே வாழும் ஒரு சிறு நன்னீர் இறாலும், பல தவளைகளின் தலைப்பிரட்டைகளும் புதிய எதிரியைச் சந்திக்க நேர்ந்தது. தூண்டில் போடும் பொழுதுபோக்குக்காகச் செய்த காரியம் அது.

ஆழமற்ற இந்த வாவியின் நீர் அடிக்கடி மேலும் கீழுமாகக் கலக்கும். இதற்கும் குளிருக்கும் தொடர்புண்டு. நீர் 15 பாகையிலிருந்து 16 பாகைக்குச் சூடாகும்போது ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 160 கிராம் இலேசாகிறது. 27 இலிருந்து 28 பாகைக்குப் போகும்போது 280 கிராம். தாழ்நிலக் குளங்களில் மேலுள்ள சூடான நீர், கீழுள்ள குளிர்நீரின்மீது மூடிபோல் உறுதியாக மிதக்க முடிகிறது. மலைநாட்டில் அந்த மூடி மெல்லியது. இரவுக் குளிரும் பகல் காற்றும் அதை எளிதில் உடைத்துவிடும். இதனால் அடிநீருக்கும் ஒட்சிசன் கிடைப்பது நன்மை. அடிச்சேற்றில் படிந்த ஊட்டச்சத்தும் மீண்டும் கிளறப்பட்டு மேலே வருவது தீமை.

கிரகரி வாவியின் எதிர்காலம் தங்கியிருப்பது அந்த ஊட்டச்சத்தில்தான். மலைநாட்டின் அடித்தளப் பாறைகள் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட உருமாறிய பாறைகள், எளிதில் கரையாதவை. அவற்றின்மீது ஓடிவரும் நீரில் தாதுப்பொருள் மிகக் குறைவு. அத்தகைய நீரில் அல்கா பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பூட்டு பொசுபரசு. ஒரு கிராம் பொசுபரசு கூடுதலாகக் கிடைத்தால் ஏறத்தாழ 100 கிராம் உலர்நிறை அல்கா வளர்ந்துவிடலாம். இதைச் சந்தேகமற நிறுவிய பரிசோதனை 1973 இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் தொடங்கியது. டேவிட் ஷிண்ட்லரும் அவரது குழுவினரும் 226 என்று எண்ணிடப்பட்ட ஓர் ஏரியின் இடுங்கிய நடுப்பகுதியில் திரை கட்டி அதை இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கத்திலும் காபனும் நைதரசனும் சேர்த்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் பொசுபரசையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் பச்சையாகிப் போனது, மறுபக்கம் தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து அந்த ஏரியை எடுத்த ஒரு புகைப்படம், பல நாடுகளில் சலவைத்தூளிலிருந்து பொசுபேற்றை நீக்கும் சட்டங்களுக்கு வலுச் சேர்த்தது.

நுவரெலியாவில் பொசுபரசு வரும் வழிகள் தெரிந்தவை. 1840களின் பிற்பகுதியில் இங்கே குடியேறிய சாமுவேல் பேக்கர் ஐரோப்பிய மரக்கறிகளைப் பயிரிடத் தொடங்கினார். இன்று இந்தப் பள்ளத்தாக்கும் சுற்றுச் சரிவுகளும் கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட், உருளைக்கிழங்குப் பாத்திகளால் நிறைந்துள்ளன. நாட்டின் பெரும்பகுதிக்கு மலைநாட்டு மரக்கறி இங்கிருந்துதான் போகிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம், ஒவ்வொரு போகத்துக்கும் கோழி எருவும் இரசாயன உரமும். பொசுபேற்று மண்துகளோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே மண் அரிக்கப்படும் வழியே அதுவும் போகும். நன்கு அடர்ந்து நிலத்தை மூடிய தேயிலை மழைத்துளியின் அடியைத் தன் இலைகளில் வாங்கிக்கொள்கிறது. சரிவுக்குக் குறுக்கே வெட்டிய கான்கள் ஓடும் நீரின் வேகத்தைத் தணிக்கின்றன. மரக்கறிப் பாத்தியில் அறுவடைக்கும் அடுத்த நடுகைக்கும் இடையில் மண் வெறுமையாகக் கிடக்கும். அந்த வாரங்களில் ஒரு கனமழை பெய்தால் போதும். நகரின் கழிவுநீரும் இதோடு சேர்கிறது. முடிவில் சேறு வாவியை ஆழமற்றதாக்குகிறது, ஊட்டச்சத்து நீரைப் பச்சையாக்குகிறது.

பச்சையாவது அழகைக் கெடுப்பதோடு நிற்காது. சூடான, காற்றில்லாத நாட்களில் பெருகும் உயிரிகளில் சயனோபற்றீரியாக்கள் முக்கியமானவை. இவற்றுள் மைக்ரோசிஸ்டிஸ் என்ற பேரினம் கல்லீரலைத் தாக்கும் நச்சைச் சுரக்கக்கூடியது. இதன் உயிரணுக்களுக்குள் நுண்ணிய வாயுப் பைகள் உண்டு. அவற்றின் உதவியால் மேலெழுந்து ஒளியைப் பிடித்துக்கொள்ளும், மற்ற அல்காக்கள் நிழலில் வாடும். கிரகரி வாவியின் நீர் சேரும் ஆற்றுத் தொகுதியில் கீழே உள்ள கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991 இல் மைக்ரோசிஸ்டிஸ் பெருகிப் படர்ந்தது. இத்தகைய படலம் தெரியும் நாளில் குழந்தைகளை நீரில் இறங்க விடக்கூடாது, கால்நடைகளைக் குடிக்க விடக்கூடாது. கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு அழியாது.

இதற்குத் தீர்வு வாவிக்குள் இல்லை, சரிவுகளில் இருக்கிறது. சேற்றைத் தோண்டி எடுப்பது தேவைதான். ஆனால் மேலிருந்து மண் வந்துகொண்டே இருக்கும்வரை அது முடிவில்லாத வேலை. ஓடைக்கரையில் சில மீற்றர் அகலத்துக்குப் புல்லும் செடியும் விட்டுவைப்பது, பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைப்பது, வாவிக்குள் நுழையுமுன் சேறு படியும் பொறிகளைக் கட்டி அவற்றைத் தவறாமல் துப்புரவாக்குவது, மண்ணைப் பரிசோதித்துத் தேவையான அளவு உரம் மட்டும் இடுவது ஆகியவை மலிவானவை, பயனுள்ளவை. சிறு நிலத்தை நம்பி வாழும் விவசாயியிடம் சில மீற்றர் நிலத்தை விட்டுக்கொடுக்கக் கேட்கும்போது, அந்த இழப்பை அவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது. வாவியால் வருமானம் பெறும் விடுதிகளும் படகுச் சவாரியும் நகரமும் அதில் பங்கேற்க வேண்டும்.

நகர மத்தியில் பஸ் நிலையத்தை அடுத்துள்ள விக்டோரியா பூங்காவையும் இங்கே குறிப்பிட வேண்டும். முன்பு ஹக்கலப் பூங்காவின் பரிசோதனை நிலமாக இருந்த இது, 1897 இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவையொட்டி இப்பெயர் பெற்றது. இதன் ஊடாக ஓடும் ஓடைக்கரைப் புதர்களில் குளிர்காலத்தில் வந்து தங்கும் பறவைகளைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். காஷ்மீரப் பள்ளத்தாக்கை ஒட்டிய காடுகளில் கூடு கட்டும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் இந்த மலைநாட்டிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஆறுமணிக் குருவியும் இங்கே இறங்கும். ஈரமண்ணும் உதிர்ந்த இலையும் இருந்தால் புழுப்பூச்சி இருக்கும். புழுப்பூச்சி இருக்குமிடத்தில் இவை இருக்கும்.

சீதாஎலியவில் நீரின் குணம் மாறுகிறது. வாவியில் தேங்கி நின்றது இங்கே பாய்கிறது. கல்லில் மோதி நுரைக்கும் ஒவ்வோரிடத்திலும் காற்று நீருக்குள் இழுக்கப்படுவதால் மலையாற்றில் ஒட்சிசன் எப்போதும் நிறைந்தே இருக்கும். ஆற்றங்கரைப் பாறையிலுள்ள குழிவுகளை அனுமனின் பாதச்சுவடுகள் என்று பக்தர்கள் வணங்குகிறார்கள். அசோகவனத்துச் சீதை நீராடியதும் இங்கேதான் என்பது நம்பிக்கை. கடினப் பாறையில் ஓடும் ஆறுகளில் கூழாங்கற்கள் சுழியில் அகப்பட்டுச் சுழன்று சுழன்று இத்தகைய வட்டக் குழிவுகளை உண்டாக்குவது உலகெங்கும் காணப்படுகிறது. ஒரு குழிவு உருவாக மனித வாழ்நாள்கள் பல போதாது.

இந்தப் பகுதியின் தவளைகள் நீரோடு கொண்டுள்ள உறவு தனி அத்தியாயத்துக்குரியது. தருகா ஈக்குவஸ் என்ற மரத்தவளை தேங்கிய நீருக்கு மேலே தொங்கும் கிளையில் நுரைக்கூடு கட்டும். பெண் தவளை தன் உடலில் சுரக்கும் திரவத்தைக் கால்களால் அடித்து நுரையாக்கி அதில் முட்டையிடுகிறது. வெளிப்புறம் காய்ந்து இறுக, உள்ளே ஈரம் காக்கப்படும். பொரித்த தலைப்பிரட்டைகள் கீழேயுள்ள நீரில் விழுந்து வளரும். முட்டைப் பருவத்தை மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் எட்டாத உயரத்தில் கழிப்பதுதான் இதன் ஆதாயம். சூடோபிலோட்டஸ் என்ற பேரினமோ நீரையே துறந்துவிட்டது. இலங்கையில் இதன் இனங்கள் எழுபதுக்கும் மேல். ஈரமண்ணிலோ இலையிலோ இடும் முட்டைக்குள்ளேயே தலைப்பிரட்டைப் பருவம் முடிந்து, முழுவடிவச் சிறு தவளை வெளியே வருகிறது. இவற்றுக்குக் குளம் வேண்டாம். ஆனால் காற்றில் ஈரம் இல்லாவிட்டால் முட்டை வரண்டுவிடும். ஆகவே முகில்காடு அழிந்தால் இவையும் அழியும். இப்பேரினத்தின் பல இனங்கள் ஏற்கெனவே அற்றுப்போனவையாகப் பதிவாகியுள்ளன.

ஹக்கலப் பூங்கா தொடங்கியது மருந்துக்காக. மலேரியாக் காய்ச்சலுக்கு அக்காலத்தில் இருந்த ஒரே நம்பகமான மருந்து குயினைன். அது தென்னமெரிக்காவின் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைத்தது. பேராதனைப் பூங்காவை நடத்திய துவெயிற்ஸ், குளிர்ந்த மலையில் சிங்கோனாவைப் பயிரிட்டுப் பார்க்க 1861 இல் இந்த இடத்தைத் தேர்ந்தார். கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் அழித்த காலத்தில் பல தோட்டங்கள் சிங்கோனாவுக்கு மாறின. விலை வீழ்ந்ததும் அதையும் கைவிட்டுத் தேயிலைக்கு வந்தன. பரிசோதனை நிலம் மெல்ல மெல்ல ரோசாவும் பெரணியும் ஊசியிலை மரங்களும் நிறைந்த பூங்காவாயிற்று. இன்று அதன் பரப்பு 28 ஹெக்டேயரளவு.

ஹக்கலப் பாறையின் செங்குத்தான சுவரும் அதன் மேலுள்ள இயற்கை ஒதுக்குக் காடுமே இப்பூங்காவின் நீருக்கு ஆதாரம். இந்த உயரத்தில் மழை மட்டுமே நீர் தருவதில்லை. முகில் காட்டின் ஊடே நகரும்போது இலையிலும் கிளையிலும் அவற்றில் தொங்கும் பாசியிலும் நுண்துளிகள் மோதி ஒட்டி, திரண்டு சொட்டுகின்றன. மழைமானி எதையும் பதிவு செய்யாத நாளிலும் மரத்தடி நனைந்திருக்கும். மரத்தை வெட்டினால் அந்த முகில் யாருக்கும் பயன்படாமல் கடந்து போய்விடும். ஓடையோரம் குடைவிரித்து நிற்கும் பெரணி மரங்கள் இந்த ஈரத்தை நம்பியவை. பெரணிக்கு விதை இல்லை. அதன் வித்திகள் முளைத்து உண்டாகும் சிறு பச்சைத் தகட்டில் ஆணணு நீரில் நீந்தித்தான் பெண்ணணுவை அடைய வேண்டும். ஒரு மெல்லிய நீர்ப்படலம் இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை இல்லை. மேலே கிளைகளில் தாவும் அடர்ந்த உரோமமுள்ள கரடிக் குரங்குகளும், காதருகே மஞ்சள் இறகுக் கற்றை கொண்ட சின்னான்களும் இலங்கை மலைநாட்டுக்கே உரியவை.

பூங்காக் குளங்களில் வளர்க்கும் அல்லி இனங்களின் அடித்தண்டு ஒட்சிசனே இல்லாத சேற்றில் புதைந்திருக்கும். அது மூச்சுவிடும் விதத்தை 1980 இல் ஜோன் டேசி என்ற ஆய்வாளர் மஞ்சள் அல்லிச் செடியில் கண்டுபிடித்தார். வெயிலில் சூடாகும் இளம் இலைக்குள் காற்றழுத்தம் சற்று உயர்கிறது. அந்தக் காற்று காம்பிலுள்ள துளைகளின் வழியே சேற்றிலுள்ள தண்டுக்கு இறங்கி, அங்கே ஒட்சிசனைக் கொடுத்து, காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு முதிர்ந்த இலைகளின் வழியே வெளியேறுகிறது. குளக்கரையில் இருப்பவர்களின் கண்முன்னே, அசைவற்று மிதக்கும் இலைகளுக்குள் பகல் முழுதும் ஒரு காற்று வீசிக்கொண்டிருக்கிறது. அல்லியின் இலைத்துளைகள் மேற்புறத்தில் மட்டும் இருப்பதும், மேற்பரப்பில் நீர் தங்காமல் உருண்டோடுவதும் இந்தச் சுவாசத்துக்கு உகந்தவை.

நடையின் இரண்டு முனைகளிலிருந்தும் நீர் வெவ்வேறு திசையில் இறங்குகிறது. கிரகரி வாவியின் நீர் நானுஓயா வழியே மேற்கே இறங்கிக் கொத்மலை ஓயாவில் சேர்ந்து, கொத்மலை நீர்த்தேக்கத்தைக் கடந்து மகாவலி கங்கையில் கலக்கிறது. ஹக்கலவின் ஓடைகள் வெலிமடைப் பக்கமாக இறங்கி உமாஓயாவுக்குப் போகின்றன. உமாஓயாவும் ரந்தம்பேயில் மகாவலியையே அடைகிறது. 2024 முதல் அதன் நீரில் ஒரு பகுதி சுரங்கம் வழியே தென்கிழக்கே கிரிந்திஓயாப் பக்கம் திருப்பப்படுகிறது. மகாவலியின் நீரில் ஒரு பங்கு பொல்கொல்லையில் வடக்கே வரண்ட வலயத்து வயல்களுக்குப் பிரிந்து செல்ல, மீதி பல மின் நிலையங்களைக் கடந்து, 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது.